அச்சு ஒன்று, சாயம்தான் வேறு!

ஆடி மாதம் பிறந்தால் கொல்லிமலைக்குக் கூட்டம் ஏறும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருகிற ஜனங்கள் அறப்பளீஸ்வரர் கோயிலிலும், செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவிலும் நிறைந்து விடுவார்கள். கூட்டம் உள்ள இடத்தில் பொம்மைக் கடையும் இருக்கும். பலூன், ஊதல், பிளாஸ்டிக் கார் இவற்றோடு இன்னொரு சாமானும் அங்கே தொங்குகிறது. பார்த்தால் லாரி, நாலு மடிப்பு மடக்கித் திருப்பினால் கையும் காலும் முளைத்து இயந்திர மனிதனாக எழுந்து நிற்கும். மலையில் மிளகு பறிக்கிறவர் பிள்ளையும் அதைக் கேட்டு அழுகிறது. கீழே நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறவர் பிள்ளையும் அதையே கேட்டு அழுகிறது.

பொம்மை கேட்டு அழுவது பிள்ளைகளின் உரிமை. அதை நாம் குறை சொல்ல வரவில்லை. நாம் பேச வந்தது அந்தப் பொம்மையோடு ஒட்டிக்கொண்டு வரும் கதையைப் பற்றி. அந்த லாரி மனிதனுக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு எதிரி உண்டு, ஒரு யுத்தம் உண்டு. அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகமாகவும், உலகம் முழுவதும் சினிமாவாகவும், நம் ஊரில் தமிழ் பேசும் டி.வி. படமாகவும் அந்தக் கதை ஓடுகிறது. 40 வருஷமாக ஓடுகிறது. ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டே ஓடுகிறது. இது ஏன் என்று உழைப்பாளி மக்கள் கேட்க வேண்டாமா? பொம்மை வாங்கும் காசு நம் கூலியிலிருந்துதானே போகிறது!

கதையின் பிறப்பைக் கவனியுங்கள். சாதாரணமாக ஒரு மனிதனுக்கு மனசில் ஒரு கதை தோன்றும், அவன் எழுதுவான், அது பிடித்துப் போனால் பிறகு யாராவது அதற்குப் பொம்மை செய்வார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். டக்காரா என்ற ஜப்பானியக் கம்பெனி, காராகவும் லாரியாகவும் மாறும் இயந்திர பொம்மைகளைச் செய்து விற்று வந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி அந்த அச்சுகளை வாங்கியது. பொம்மை கைக்கு வந்துவிட்டது, கதைதான் இல்லை. மார்வெல் என்னும் காமிக்ஸ் கம்பெனியிடம் போய், இவற்றுக்கு ஒரு கதை கட்டிக் கொடுங்கள் என்று ஆர்டர் கொடுத்தார்கள். ஜிம் ஷூட்டர் என்ற ஆசிரியர் கதைச் சுருக்கம் எழுதினார். டென்னி ஓ'நீல் என்ற எழுத்தாளர் லாரி மனிதனுக்கு ஆப்டிமஸ் பிரைம் என்று பெயர் வைத்தார். பாப் புடியான்ஸ்கி என்பவர் மற்ற பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதினார். 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் பொம்மையும் புத்தகமும் டி.வி. படமும் ஒரே வருஷத்தில் கடைக்கு வந்தன.

இதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1982-ல், இதே ஹாஸ்ப்ரோ ஜி.ஐ. ஜோ என்ற பட்டாளத்து பொம்மைகளுக்கு மார்வெலைக் கொண்டு புத்தகம் போட வைத்தது. வேடிக்கை என்னவென்றால், பொம்மை விளம்பரத்தில் கார்ட்டூன் படம் இவ்வளவு நேரம்தான் காட்டலாம் என்று அமெரிக்காவில் கட்டுப்பாடு இருந்தது. புத்தகத்துக்கான விளம்பரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பொம்மைக் கம்பெனி தன் காசில் புத்தகத்துக்கு டி.வி.யில் விளம்பரம் செய்தது! புத்தகத்தின் மேல் அவ்வளவு பிரியமா? இல்லை, சிப்பாய் பொம்மையைக் காட்ட அது ஒரு சந்து. அதே 1982-ல் மேட்டல் கம்பெனி ஹீ-மேன் பொம்மையின் பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டிப் படக்கதையை வைத்து விற்றது. முதல் புத்தகங்களில் ஹீ-மேன் காட்டிலிருந்து வந்த ஒரு முரட்டு வீரன். அடுத்த வருஷம் டி.வி. படம் வந்ததும் அவன் அரண்மனையில் பிறந்த இளவரசனாகி விட்டான். காட்டான் ஒரே வருஷத்தில் ராஜகுமாரன்! கதை கெட்டுப் போனதே என்று கம்பெனி வருந்தியதாகத் தெரியவில்லை.

1969-ல் நிலைமை வேறாக இருந்தது. மேட்டலின் ஹாட் வீல்ஸ் கார்களின் பேரில் வந்த ஒரு டி.வி. படத்தை, இது கதையல்ல, விளம்பரம்தான் என்று அமெரிக்க அரசின் ஒலிபரப்புக் கமிஷன் கண்டித்தது. (புகார் கொடுத்தது ஒரு போட்டி முதலாளி என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியாயம் சில சமயம் அப்படியும் வரும்.) பிறகு ரீகன் ஆட்சி வந்தது. டி.வி.யில் விளம்பரத்துக்கு இருந்த நேரக் கட்டுப்பாட்டை 1984-ல் அந்தக் கமிஷனே எடுத்துவிட்டது. மடை திறந்தது. கடையில் இருந்த பொம்மைகளெல்லாம் டி.வி.க்குள் குதித்தன. அந்த வெள்ளம் நம் கரைக்கும் வந்தது. ஹீ-மேன் தூர்தர்ஷனில் வந்தான். எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியும் ஹாஸ்ப்ரோவும் கூட்டுச் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ சிப்பாய்களை இந்தியாவிலேயே செய்து விற்றது.

சரி, ஆர்டருக்குச் செய்த கதை ஏன் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்க வேண்டும்? இதை ஆலைத் தொழிலாளிக்குச் சொல்வது சுலபம்.

பிளாஸ்டிக் பொம்மையில் பெரிய செலவு அச்சுக்குத்தான், மோல்டு என்பார்கள். அச்சு ஒரு தடவை வெட்டியாகி விட்டால், அதிலிருந்து எத்தனை பொம்மை அடித்தாலும் பிளாஸ்டிக் செலவும் கூலியும்தான். ஆகவே ஒரே அச்சில் அடித்து, சாயத்தை மட்டும் மாற்றி, வேறு வேறு பொம்மை என்று விற்றால் லாபம் இரட்டிக்கும், மும்மடங்காகும். 1984-ல் வந்த ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என்ற மூன்று விமான மனிதர்களும் ஒரே அச்சு. ஒன்றுக்குச் சாம்பல், ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குக் கறுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே நூலை மூன்று சாயத் தொட்டியில் முக்கி எடுத்து மூன்று ரகம் என்று விலை போடுவது போல! இப்போது கதை எழுதுகிறவன் பாடு என்ன? மூன்று சாயத்துக்கும் அவன் மூன்று ஆத்மாக்களைக் கண்டுபிடிக்க வேண்டும். புடியான்ஸ்கி சில வருஷம் அந்தப் புத்தகத்தை எழுதினார். புதுப் பொம்மை கடைக்கு வரும்போதெல்லாம் அதைக் கதைக்குள் நுழைத்தாக வேண்டும். கூட்டம் கூடிக்கொண்டே போயிற்று. யாருக்கும் நின்று பேச நேரமில்லை. நாடகத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் பத்துப் புது நடிகர்களை மேடையில் ஏற்றினால் நாடகம் எப்படி நடக்கும்?

புதிது நுழைய வேண்டுமானால் பழையது போக வேண்டும். 1986-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் சினிமா வந்தது. படம் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் ஆப்டிமஸ் பிரைமைக் கொன்று விட்டார்கள். கூடவே முதல் வருஷத்துப் பொம்மைகள் பலவற்றையும் கொன்றார்கள். தியேட்டரில் குழந்தைகள் அழுதன. கதை கேட்ட சாவா அது? இல்லை. பழைய சரக்கு நிற்கிறது, அலமாரி காலியாக வேண்டும், புதுச் சரக்கு வருகிறது. காமிக்ஸ் புத்தகத்தில் அதே தலைவன் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் நேர்மை தவறிவிட்டேன் என்று சொல்லி உயிரை விட்டான். அழுத குழந்தைகளின் சத்தம் கம்பெனியின் காதில் விழுந்தது, 1987-ல் டி.வி.யில் அவனை உயிர்ப்பித்தார்கள். புத்தகத்தில் 1988-ல் புது உடம்போடு எழுந்து வந்தான். அந்தப் புது உடம்பு அதே வருஷம் கடைக்கு வந்த புதுப் பொம்மை! அதற்குப் பிறகு அவன் எத்தனை தடவை செத்தான், எத்தனை தடவை எழுந்தான் என்று கணக்கு வைப்பதே ஒரு தொழிலாகி விட்டது. இப்படிப்பட்ட சாவுக்கு எந்தப் பிள்ளை அழும்? சாவுக்கே அர்த்தம் இல்லாத கதையில் வீரத்துக்கு மட்டும் அர்த்தம் எங்கிருந்து வரும்?

பொம்மை முதலாளி ஒருவனே. புத்தகம் போடும் கம்பெனி மட்டும் லைசென்ஸ் முடிய முடிய மாறும். மார்வெல் 1991-ல் நிறுத்தியது. 2002-ல் டிரீம்வேவ் என்ற கனடா கம்பெனி எடுத்தது. 2005-ல் திவாலாகி மூடியது, படம் வரைந்தவர்கள் பலருக்குக் கூலி பாக்கி நின்றது. அடுத்து ஐ.டி.டபிள்யூ. வந்தது. 2018-ல் அதுவரை சொன்ன கதையையெல்லாம் முடித்து, 2019-ல் முதலிலிருந்து தொடங்கியது. 2022-ன் கடைசியில் அதன் லைசென்சும் முடிந்தது. 2023-ல் ஸ்கைபவுண்ட் என்ற கம்பெனி, மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் புதுப் புத்தகம் எப்படித் தொடங்குகிறது? பூமியில் புதைந்து கிடக்கும் கப்பலுக்குள் உறங்கிக்கொண்டிருந்த இயந்திர மனிதர்கள் விழித்து எழுகிறார்கள். 1984-ல் முதல் புத்தகம் எப்படித் தொடங்கியது? அதேதான்! அன்று எரிமலை எழுப்பியது, இன்று வேறொன்று எழுப்புகிறது. அன்று படித்த பிள்ளைக்கு இன்று 50 வயது. அவன் பிள்ளைக்கும் அதே உறக்கம், அதே விழிப்பு.

இதில் எழுத்தாளனை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஜி.ஐ. ஜோ புத்தகத்தை 1982 முதல் 1994 வரை 155 இதழ்களில் பெரும்பாலும் ஒரே ஆள் எழுதினார்: லேரி ஹாமா. பட்டாளத்தில் இருந்தவர். 1984-ல் அவர் ஒரு இதழ் முழுவதையும் ஒரு பேச்சு வார்த்தைகூட இல்லாமல், படங்களாலேயே நடத்திக் காட்டினார். இன்றைக்கும் ஓவியர்கள் அதை எடுத்து வைத்துப் பாடம் படிக்கிறார்கள். ஐ.டி.டபிள்யூ. காலத்தில் 2012-லிருந்து ஜேம்ஸ் ராபர்ட்ஸ் எழுதிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதை, யுத்தம் முடிந்துவிட்டால் யுத்தத்துக்காகவே செய்யப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டது. நல்ல கேள்வி! பொம்மைக் கதையிலிருந்து யாரும் எதிர்பாராத கேள்வி. அந்தக் கதையும் 2018-ல் மற்றவற்றோடு சேர்த்து முடிக்கப்பட்டது. திறமைசாலித் தொழிலாளி கெட்ட தறியிலும் நல்ல துணி நெய்வான். ஆனால் துணி அவனுடையதல்ல, தறியும் அவனுடையதல்ல. அவன் வைத்த பெயர், அவன் கொடுத்த குணம், அவன் கண்ட கேள்வி எல்லாம் ஹாஸ்ப்ரோவின் சொத்து. நாளைக்கு இன்னொருவனைக் கூப்பிட்டு, பழையபடி கப்பலிலிருந்து ஆரம்பி என்றால், அவன் ஆரம்பிக்கத்தான் வேண்டும்.

சிலர் சொல்லக்கூடும்: திரும்பச் சொல்வது தப்பா? நம் கூத்தில் வருஷா வருஷம் துரியோதனன் சாகவில்லையா? பாட்டி சொன்ன கதையையே பிள்ளைகள் மறுபடி கேட்கவில்லையா?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கொல்லிமலையிலேயே இருக்கிறது. இந்த மலையிலும் ஒரு பொம்மை உண்டு, கொல்லிப்பாவை. பாவை என்றால் பொம்மைதானே! சங்க காலத்துப் பரணரும் கபிலரும் இதைப் பாடியிருக்கிறார்கள்; நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் இது வருகிறது. யார் செய்த பாவை? ஒரு பாட்டு தெய்வம் செய்தது என்கிறது, இன்னொன்று பூதம் செய்தது என்கிறது. ஒரு புலவர் காதலியின் அழகைச் சொல்ல இதை எடுத்தார். இன்னொருவர், காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் நடுங்கினாலும் உருக் குலையாத உறுதியைச் சொல்ல எடுத்தார். பின்னால் வந்த ஜனங்கள் இதைச் சிரித்து மயக்கிக் கொல்லும் மோகினியாக்கினார்கள். இன்று மலைவாழ் மக்கள் எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள். ஏறக்குறைய 2000 வருஷமாக ஒரே பொம்மையைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம். யாரும் யாரிடமும் லைசென்ஸ் வாங்கவில்லை. சொன்ன ஒவ்வொருவரும் தன் காலத்துக்கு வேண்டியதை அதில் சேர்த்தார்கள். அடுத்தவர் அதை அழிக்கவில்லை, அதன் மேலேயே கட்டினார். கூத்திலும் அப்படித்தான். துரியோதனன் சாவது பழசு. கட்டியங்காரன் பண்ணையாரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் கேலி செய்வது இந்த வருஷத்துப் புதுசு. பாட்டியும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதையைத் திருப்புகிறாள். ஹாஸ்ப்ரோ பார்ப்பது பிள்ளையின் முகத்தையா, கடையின் அலமாரியையா?

மலையில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். இந்த மலையில் சாமை, தினை, கேழ்வரகு என்று பல தானியம் விளைந்தது. ஒவ்வொன்றிலும் பல ரகம், ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு விதை. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் குச்சிக் கிழங்கை வாங்கத் தொடங்கின. கிழங்குக்குக் கைமேல் காசு கிடைத்தது. சரிவு சரிவாகக் கிழங்கு ஏறியது, தானியம் இறங்கியது. சில விதைகளை இப்போது தேடித்தான் எடுக்க வேண்டும். கிழங்கு நட்டவர் மேல் குற்றம் இல்லை, அவருக்கும் கடன் இருக்கிறது. ஆலை வாங்குவதைத்தான் நிலம் விளைவிக்கும் என்றாகி விட்டால் நிலத்துக்கு வேறு எதுவும் மறந்து போகும். கதைக்கும் இதே கதிதான்.

சுதேசி முதலாளி இதில் சளைத்தவனல்ல. 2008-ல் தொடங்கிய சோட்டா பீம் ஹைதராபாத்தில் செய்யப்பட்டது. அது பொம்மையிலிருந்து பிறந்ததல்ல, கார்ட்டூன்தான் முதலில் வந்தது. முதலில் பார்க்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே வேட்டி கட்டிய ஒரு பையன் என்று நமக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் டோலக்பூருக்கு ஆபத்து வரும், பீம் லட்டு தின்பான், எதிரி விழுவான். அடுத்த நாளும் ஆபத்து, லட்டு, எதிரி. இதற்குள் பீம் பையிலும் டிபன் பாக்ஸிலும் செருப்பிலும் ஏறிவிட்டான். சாமானில் ஏறிவிட்ட முகத்தை அதற்குப் பிறகு மாற்ற முடியாது. பீம் வளரக்கூடாது, தோற்கக்கூடாது, லட்டு தின்பதை நிறுத்தக்கூடாது.

இந்தப் பொம்மைக் கதைகளில் எவ்வளவோ யுத்தங்கள் வருகின்றன, கிரகங்களே வெடிக்கின்றன. ஒரு கதை மட்டும் வருவதில்லை. 1993 மே 10-ம் தேதி தாய்லாந்தில், பாங்காக்குக்குப் பக்கத்து நகோன் பாதோமில், கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவுகள் பூட்டியிருந்தன. கட்டிடத்தின் இரும்புத் தூண்கள் சூட்டில் வளைந்து மாடிகள் சரிந்தன. 188 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த இளம் பெண்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது அமெரிக்காவுக்கும் மற்ற பணக்கார நாடுகளுக்கும் போகும் துணிப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும். அதே வருஷம் நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் இன்னொரு பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆப்டிமஸ் பிரைம் செத்ததற்கு அழுத குழந்தைகள் கடிதம் எழுதியதால் அவன் திரும்பி வந்தான். நகோன் பாதோம் பெண்களில் ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை. பொம்மையின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது. எந்தக் கம்பெனி அதற்கு லைசென்ஸ் கொடுக்கும்?

தமிழில் படக்கதைக்குப் பஞ்சமில்லை. சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது; 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது; அதே வருஷம் ராணி காமிக்ஸும் வந்தது. ஆலை வாசல் பெட்டிக் கடைகளிலும் வாடகை நூல் நிலையங்களிலும் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்த புத்தகங்கள் அவை. கதைகள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் கதைகள்தான், அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மாயாவியின் இரும்புக் கையை வாங்கு என்று எந்தக் கடையும் பிள்ளையைக் கூப்பிடவில்லை. படித்த பிள்ளை பழைய சாக்கை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தானே மாயாவியானான். தமிழில் அச்சிட ஆள் உண்டு, வரைய ஆள் உண்டு, படிக்கவும் ஆள் உண்டு என்பதற்கு அந்தக் கிழிந்த அட்டைகளே சாட்சி.

இந்த மலைக்கு ஒரு கதை இருக்கிறது. ஓரி இங்கே ஆண்டவன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்தவன். கடைசியில் மலையமான் திருமுடிக்காரியோடு யுத்தம். ஓரி தோற்றான், செத்தான். காரி இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஒரு வீரன் தோற்கிறான், ஒரு மலை கை மாறுகிறது. அந்த மலையில் தினை விதைத்த ஜனங்களுக்கு அன்று என்ன நேர்ந்தது? புலவர்கள் சொல்லவில்லை. அதை இந்த மலைப் பிள்ளைகள் சொல்லட்டும். அரசாங்கம் ஒவ்வோர் ஆடியிலும் ஓரிக்கு விழா எடுக்கிறது. மலர்க் கண்காட்சி வைக்கிறது, மேடை போடுகிறது. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுதவும் வரையவும் வைத்து, 32 பக்கத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் போட்டு, நாமக்கல் மாவட்டத்து நூலகங்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று நாம் கேட்கிறோம். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைக் கலெக்டரிடம் எழுதிக் கொடுக்கலாம். ஓரி யாருக்கும் பதிவு செய்த சொத்தல்ல. அவன் கதையை எழுத எந்தக் கம்பெனியின் கையெழுத்தும் வேண்டியதில்லை.